சிக்கனமாகப் பேசிய பெட்டி

எங்கள் வீட்டில் இப்போது மிகக் குறைவாகப் பேசுகிறவன் நான்தான். காரில் ஏறினால் அடுத்த திருப்பம் அரை மைலில் என்கிறது ஒரு பெண்குரல். அடுக்களை மேடையில் குந்தியிருக்கும் உருளை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சாயங்காலம் மழை வரும் என்கிறது. கைபேசியோ செய்தித்தாளை நல்ல தமிழில், மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் மூச்சு வாங்கி, வாசித்தே காட்டிவிடுகிறது. இத்தனை பேரில் ஒருவர் பேச்சையும் நாங்கள் முழுசாகக் கேட்பதில்லை. பாதியிலேயே "சரி சரி" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அப்படி அடைக்கும்போதெல்லாம், பேசும் என்ற ஒரே காரணத்துக்காகக் கைக்காசு கொடுத்து வாங்கி, எப்போது வாயைத் திறக்கும் என்று நாலு தடிப்பயல்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த ஒரு பழுப்பு நிறப் பெட்டி எனக்கு ஞாபகம் வரும்.

நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொம்மைக்குப் பேர்போன மேட்டல் நிறுவனத்தின் மின்னணுப் பிரிவு, இன்டெலிவிஷன் என்ற வீடியோ கேம் கன்சோலை 1979-ல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் விற்றுப் பார்த்துவிட்டு, 1980-ல் அமெரிக்கா முழுவதும் கடைக்குக் கொண்டுவந்தது. பக்கவாட்டில் மரம் என்று நம்பவைக்கும் பிளாஸ்டிக், மேலே பொன்னிறத் தகடு, தொலைபேசியில் இருப்பதுபோல எண்பொத்தான்கள் வைத்த இரண்டு கன்ட்ரோலர்கள். 'தி பாரிஸ் ரெவ்யூ' என்ற இலக்கியப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் பிளிம்டன், கோட்டு சூட்டோடு தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றி, அட்டாரியையும் இதையும் அடுத்தடுத்து வைத்து, எது உசத்தி என்று நீங்களே சொல்லுங்கள் என்பார். இலக்கியவாதிக்கு எந்த ஊரிலும் உபதொழில் ஒன்று வேண்டியிருக்கிறது. அந்தக் கன்சோலுக்குப் பேச்சு வரவழைக்க 1982-ல் வந்த துணைக்கருவிதான் இன்டெலிவாய்ஸ். கன்சோலின் வலது விலாவில் கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்தில் இதைச் செருகி, இதன் விலாவில் கார்ட்ரிட்ஜைச் செருக வேண்டும். முன்பக்கம் ஒரு திருகு, குரலைக் கூட்டிக் குறைக்க.

வெளிவந்த புதிதில் அதை வாங்குகிற நிலையில் நான் இல்லை. உதவித்தொகையை நம்பி ஒஹையோவில் ஒரு பல்கலைக்கழக ஊருக்கு எம்.எஸ். படிக்க வந்த கும்பகோணத்துப் பையன். பனிக்காலம் என்றால் மார்கழி என்று நினைத்து ஒரே ஒரு ஸ்வெட்டரோடு விமானம் ஏறியவன். எங்களுக்குத் தோதாக 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் வியாபாரமே படுத்துவிட்டது. முந்தைய வருஷம் கண்ணாடி அலமாரியில் கொலுவிருந்த சரக்கெல்லாம் கடை வாசல் கூடைக்கு இறங்கி வந்தது. ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, கன்சோலையும் இன்டெலிவாய்ஸையும் நாலு கார்ட்ரிட்ஜையும் சேர்த்து ஒரு வாரக் காய்கறிச் செலவுக்குச் சற்று மேலே தூக்கிவந்தான் என் அறைத்தோழன். "டேய், இது பேசும்டா" என்றான். நாங்கள் அப்போது ஒரு வாரத்துக்கு உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிடத் தயாராக இருந்தோம். தயாராக இல்லாவிட்டாலும் அதுதான் கிடைத்திருக்கும்.

சுவிட்சைப் போட்டதும் அது முதலில் தன்னைப் பெற்றவர்களின் பெயரைச் சொல்லியது: மேட்டல் எலக்ட்ரானிக்ஸ். வேடிக்கை என்னவென்றால், அந்த மேட்டல் எலக்ட்ரானிக்ஸை 1984 தொடக்கத்தில், ஏறக்குறைய நாங்கள் பெட்டியைப் பிரித்த அதே சமயத்தில், மூடிவிட்டார்கள். அதன்பின் எங்கள் முன்னறையில் ராத்திரிக்கு ராத்திரி, இல்லாத கம்பெனியின் பெயர் கம்பீரமாக ஒலித்தது. பேர் சொல்லும் பிள்ளை என்றால் இதுதான்.

நாலு ஆட்டங்களில் எங்களுக்கு உயிர் 'பி-17 பாம்பர்'. இரண்டாம் உலகப்போர் விமானத்தை ஓட்டிக்கொண்டு ஐரோப்பாவின்மேல் குண்டு போடப் போக வேண்டும். எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்பதைக் கடிகார முள் திசையால் குரல் எச்சரிக்கும். ஆட்டத்தின் பெயரையே அது அமெரிக்கத் தெற்கத்தி இழுவையில், ஒவ்வொரு உயிரெழுத்தையும் பாயாசத்தில் ஊறவைத்து எடுத்து, சொல்லும். இந்த நாட்டுக்கு வந்து நான் முழுக் கவனத்தோடு கேட்ட முதல் அமெரிக்கக் குரல் அதுதான். வகுப்பில் பேராசிரியர்கள் பேசியதைவிட இது தெளிவாக இருந்தது. வேண்டும் என்றால் திரும்பவும் சொல்லவைக்கலாம் என்பது கூடுதல் வசதி. கடையிலும் நூலகத்திலும் நான் வாய்திறந்தால் "பார்டன்?" என்று முகம் சுளித்தவர்களைச் சமாளிக்க, அந்த விமானியின் இழுவையைக் கண்ணாடி முன் பயின்றேன். ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் எண்களை வாசித்துக் காட்டும்போது 'செவன்டீன்' வந்தது, இழுத்தேன். என் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீ டெக்ஸஸில் யாரிடமாவது தங்கிவிட்டு வந்தாயா?" என்று அக்கறையாக விசாரித்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மாலை முழுதும் சந்தோஷமாக இருந்தேன்.

இன்னொரு ஆட்டம் 'பாம் ஸ்குவாட்'. மின்சுற்றுப் பலகைகளில் எந்தப் பாகத்தை வெட்ட வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று குரல் வழிகாட்ட, கட்டிங் பிளேயரும் சால்டரிங் அயனுமாக வெடிகுண்டை அவிழ்க்க வேண்டும். பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் நிஜமான சால்டரிங் அயனோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திரையில் பொய்யான சால்டரிங் அயனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பொழுதுபோக்கு என்பது வேலையைச் சம்பளமில்லாமல் செய்வது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனியின் எஸ்பி0256 என்ற சிப். குரலை அப்படியே பதிந்து வைத்துக்கொள்ள அன்று யாரிடமும் இடம் இல்லை. தொலைபேசி இணைப்பகம் ஒரு வினாடிப் பேச்சுக்கு 64,000 பிட் செலவழித்தது. அந்தக் கணக்கில் போனால் கார்ட்ரிட்ஜ் முழுவதும் ஒரு வாக்கியத்துக்குக் காணாது. ஆகவே குரலை வைக்காமல், குரல் உண்டாகும் விதத்தை வைத்தார்கள். நாதஸ்வரத்தில் சீவாளி வெறும் 'பீ' என்றுதான் கத்தும். அதைத் தோடியாக்குவது குழலும் விரல்களும். மனிதத் தொண்டையும் அதே ஏற்பாடுதான் என்று எடுத்துக்கொண்டு, ஆதார ஒலி ஒன்று, அதை உருவேற்றும் வடிகட்டிகள் ஆறு, ஒவ்வொரு வடிகட்டிக்கும் இரண்டே எண்கள் என்று முடித்துவிட்டார்கள். 'அ', 'இ' என்றால் ஆதார ஒலி சீரான துடிப்பு; 'ஸ்' என்றால் வெறும் இரைச்சல். எண்களை மாற்றிக்கொண்டே போனால் பேச்சு. இந்தக் கணக்குக்கு அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவர் கான்பூரில் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் வழியாக பெல் ஆய்வகத்துக்குப் போன பிஷ்ணு அட்டல். சுஸான் ஹனாவருடன் 1971-ல் அவர் எழுதிய கட்டுரையை என் பாடத்திட்டத்திலேயே வைத்திருந்தார்கள். பகலில் அதைப் படித்துப் புரியாமல், ராத்திரி அதையே கேட்டு மகிழ்ந்தோம்.

சிப்புக்குள் நிரந்தரமாகப் பொறித்த நினைவகம் 2 கிலோபைட். இன்று ஒரு சின்ன மஞ்சள் சிரிப்பு முகத்தின் படத்துக்குக்கூட அது போதாமல் போகும். அதற்குள் கம்பெனியின் பெயர், எண்கள், 'ஹண்ட்ரட்', 'தவுசண்ட்', 'அண்ட்', 'ஆர்', 'பிரஸ்', 'என்டர்' ஆகியவற்றை அடைத்திருந்தார்கள். மற்ற வாக்கியங்களை அந்தந்தக் கார்ட்ரிட்ஜ் தன்னுடைய சொற்ப இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். தேவையில்லாத ஒரு சொல்லைச் சேர்த்தால் எங்கோ ஒரு வெடிப்புச் சத்தத்தையோ எதிரி விமானத்தையோ விட்டுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வார்த்தையும் அங்கே இருப்பதற்கு யாரோ ஒருவர் வாதாடியிருக்கிறார்.

இதெல்லாம் எங்களுக்கு விசித்திரமாகவே படவில்லை, ஏனென்றால் நாங்களும் அப்போது அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஊருக்குப் போன் என்றால் ஒரு மாதத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை இத்தனை மணிக்கு என்று நீல நிற ஏரோகிராமில் எழுதிப் போட்டு, அது போய்ச் சேர்ந்து, அம்மாவும் தங்கையும் கடைத்தெரு மருந்துக்கடையில் வந்து உட்கார்ந்திருக்க, இங்கே ஆப்பரேட்டரைப் பிடித்து, லைன் கிடைத்தால் மூன்று நிமிடம். நிமிடத்துக்கு டாலர்கள். குரல் செயற்கைக்கோள் வரை ஏறி இறங்க வேண்டியிருந்ததால், நான் பேசியது போய்ச் சேருமுன் அம்மா பேச ஆரம்பித்துவிடுவாள். இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவோம். அந்த மௌனத்துக்கும் காசு. அதனால் பேச வேண்டியதை முன்கூட்டியே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அதிலும் அடித்துக் குறைத்து வைத்துக்கொள்வேன். கடைசிப் பத்திருபது வினாடி தங்கைக்கு. அவள் ரிசீவரைப் பிடுங்கி, "அண்ணா, கணக்குல தொண்ணூத்தாறு, ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். அந்த இரண்டு செய்திகளை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் ஓட்டினேன். அவள் குரல் இப்போதும் அந்த அலைவரிசையில், மூக்கடைத்த மாதிரி, என் காதில் இருக்கிறது. நேரில் அவள் குரல் அப்படி இல்லவே இல்லை.

இன்டெலிவாய்ஸ் கொடுத்த தெம்பில் ரேடியோ ஷாக் கடைக்குப் போய் அதே சிப்பின் தம்பியான எஸ்பி0256-ஏஎல்2-ஐ வாங்கிவந்தோம். இதில் வார்த்தைகளே கிடையாது. ஆங்கிலத்தின் 59 ஒலித்துண்டுகள், கூடவே ஐந்து இடைவெளிகள், ஆக மொத்தம் 64. அவற்றைக் கோத்து எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம் என்பது விளம்பரம். சிப் கேட்ட 3.12 மெகாஹெர்ட்ஸ் படிகம் எளிதில் கிடைக்காததால், எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்து, கலர் டிவியில் போடும் 3.58 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை மாட்டினோம்; குரல் கொஞ்சம் கீச்சென்று உயர்ந்து, அவசரமாகவும் ஆகிவிட்டது. முதலில் 'அம்மா' சொல்லவைத்தோம், உடனே வந்துவிட்டது. 'அப்பா' வரவே இல்லை. 'ப்' என்ற ஒலிக்கு முன்னால் சின்ன இடைவெளி வைக்க வேண்டும் என்று சிப்போடு வந்த தாளில் போட்டிருந்தது. அந்த ஐந்து இடைவெளிகளும் வெவ்வேறு நீளம்: 10, 30, 50, 100, 200 மில்லிவினாடி. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, நடுவில் இருந்ததை வைத்ததும், பலகையில் ஒட்டியிருந்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரு அமெரிக்கர் எங்களை "அப்பா" என்று கூப்பிட்டார். கல்யாணம் ஆகாத நாலு பேரும் அந்த ராத்திரி அடைந்த பூரிப்பைப் பிற்பாடு பிரசவ ஆஸ்பத்திரியிலும் அனுபவித்திருக்கிறோம், சற்றுக் கூடுதலான பதற்றத்தோடு.

அப்புறம் எல்லாம் நடந்தது. வேலை, பச்சை அட்டை, வீட்டுக்கடன். இன்டெலிவாய்ஸ் எந்த வீடு மாற்றும்போது தொலைந்தது என்று தெரியாது. உலகம் அதன் பாட்டுக்குத் தன் நகைச்சுவையைத் தொடர்ந்தது. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட், தன் சிபி1600 வகைச் செயலிக்கு எடுபிடியாக பிக் என்ற குட்டிச் சிப் ஒன்றை முன்பே செய்திருந்தது. அந்தச் செயலியின் வாரிசுதான் இன்டெலிவிஷனுக்குள் ராஜாவாக உட்கார்ந்திருந்தது. ராஜா காணாமல் போனார். எடுபிடியோ, தன்னைச் செய்த பிரிவு 1987-ல் மைக்ரோசிப் என்று தனிக் கம்பெனியானபின், துவைக்கும் இயந்திரத்திலிருந்து காரின் கதவு வரை நுழைந்து இன்றுவரை கொழிக்கிறார். பேசும் ஆட்டங்களில் கடைசிகளில் ஒன்றான 'ட்ரான் சோலார் செய்லர்'-ஐ எழுதிய கீத் ராபின்சன், 1997-ல் ஸ்டீபன் ரோனியோடு சேர்ந்து இன்டெலிவிஷன் புரொடக்‌ஷன்ஸைத் தொடங்கி, பழைய ஆட்டங்களைக் கணினியில் மறுபடி ஓடவைத்தார். வாலிபத்தில் சம்பளத்துக்குச் செய்ததை நடுவயதில் ஆசைக்குச் செய்பவர்கள் பாக்கியவான்கள்.

ஓய்வு பெற்றபின் அந்த பாக்கியத்தில் ஒரு பங்கு எனக்கும் வேண்டியிருந்தது. அந்தச் சிப்பை மென்பொருளாக எழுதுவது என்று உட்கார்ந்தேன். முறையான இன்டெலிவாய்ஸ் வைத்த எமுலேட்டர்கள் எனக்கு முன்பே உண்டு. ஜேஇசட்இன்டிவி என்பதில் பி-17 விமானி பழைய இழுவை மாறாமல் பேசுகிறார். கோயில் இருக்கும் ஊரிலும் வீட்டில் ஒரு பூஜையறை வேண்டும் அல்லவா? குறுக்குவழியும் ஒன்று இருந்தது. அதே 1982-ல் மேக்னவாக்ஸ் ஒடிஸி-2 கன்சோலுக்கு 'தி வாய்ஸ்' என்ற பேச்சுப்பெட்டி வந்தது. அதை ஓ2ஈஎம் எமுலேட்டரில் கொண்டுவந்தபோது, அசல் குரலைப் பதிவுசெய்து, வேண்டிய இடத்தில் ஒலிக்கவிட்டார்கள். காரியம் ஆகிவிடும். ஆனால் எனக்குக் குரல் வேண்டியிருக்கவில்லை, தொண்டை வேண்டியிருந்தது.

தொண்டை எளிதில் வந்துவிட்டது. ஆறு வடிகட்டி, வினாடிக்குப் பத்தாயிரம் முறை சில பெருக்கல். இன்றைய மடிக்கணினிக்கு அது கொட்டாவி விடும் வேலை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. அசல் பெட்டியில், கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் பேச்சுத் தரவு 64 இடங்கள் உள்ள ஒரு சின்ன வரிசையில் நின்று சிப்புக்குள் போக வேண்டும். வரிசை நிறைந்துவிட்டால் ஆட்டம் கொஞ்சம் பொறுத்து, "இடம் இருக்கிறதா?" என்று கேட்டு, இருந்தால் அடுத்ததை நிரப்பும். சிப்பும் ஒன்றைப் பேசி முடித்தபின்தான் அடுத்ததைத் தொடும். விமானி "எதிரி" என்று ஆரம்பித்துத் திசையைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டம் அவருக்காக எத்தனையோ தடவை வாசலில் காத்து நிற்கிறது. கணினியில் எல்லாம் கண நேரத்தில் முடிந்துவிடுவதால், எப்போது கேட்டாலும் "இடம் இருக்கிறது" என்று பதில் போய், வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விமானி உளற ஆரம்பித்துவிடுவார். ஆகவே, வினாடிக்குப் பல நூறு கோடித் துடிப்பு துடிக்கும் இயந்திரத்தை, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கும் குறைந்த கன்சோலின் அவசரமின்மைக்குப் பழக்குவதுதான் உண்மையான வேலை. அதற்குத் தெரிந்த பொய்யெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது: இடம் இருந்தும் இல்லை என்று, பேசி முடித்தும் இன்னும் பேசுகிறேன் என்று.

அதுவும் சரியானபின் குரல் ரொம்பச் சுத்தமாக இருந்தது. அசல் சிப் வெறும் துடிப்புகளாகத்தான் ஒலியை வெளியே விடும். அதை மழுக்கிக் குரலாக்கியது பெட்டிக்குள் இருந்த சில்லறை உதிரிகளும், எங்கள் பழைய டிவியின் உள்ளங்கை அகல ஸ்பீக்கரும். ஆகவே மழுக்கினேன், கொஞ்சம் கரகரப்பைச் சேர்த்தேன். அன்று ரோபோ குரல் என்று குறைப்பட்டுக்கொண்ட அதே ஜனங்கள்தான், ரோபோத்தனம் போதவில்லை என்று இன்று ராத்திரி கண்விழிக்கிறோம். என் மகள் எட்டிப் பார்த்து, "என்னப்பா இது, இப்படிக் கர்ண கொடூரமா பேசுது?" என்றாள். அதற்குமேல் எனக்குச் சான்றிதழ் வேண்டியிருக்கவில்லை.

இப்படிப் பொறுமையின் சிகரமாக இருக்கும் நான், கும்பகோணத்திலிருந்து தங்கை வாட்ஸாப்பில் அனுப்பும் குரல்செய்திகளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்கிறேன். அவற்றில் ஒன்றாவது எட்டு நிமிடத்துக்குக் குறைந்து வந்ததில்லை. தண்ணீர் லாரி, எதிர்வீட்டுக் கல்யாணம், அந்தக் கல்யாணத்தில் சாம்பார் எப்படி, எல்லாம் இருக்கும். கேட்க வேண்டிய விஷயம் ஏழாவது நிமிடத்தில் இருக்கும். பேச்சுக்குக் காசில்லாமல் போனது எவ்வளவு பெரிய விடுதலை என்று மருந்துக்கடை வாசலில் காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் மனசாரப் பேசுகிறாள், பேசட்டும். நான்தான் அந்தக் காசை வேறு கணக்கில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறேன்.

இந்த ரகசியத்தை என் மகள் அத்தையிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள், கூடவே பழுப்புப் பெட்டிக் கதையையும். அடுத்த செய்தி சுருக்கமாக வந்தது. "ஏண்ணா, செத்துப்போன மெஷின் பேசி முடிக்கணும்னு கம்ப்யூட்டரையே நிறுத்தி வைக்கிறியாம், நான் பேசினா மட்டும் தொரத்தறியே?" நியாயமான கேள்வி. பதிலை நிதானமாக, அந்தக் காலத்துத் துண்டுக் காகிதம்போல எழுதி வைத்துக்கொண்டு, மூன்று நிமிடத்துக்குள் பேசி அனுப்பினேன். ஒன்றரை மடங்கில் கேட்டாளாம். இரண்டு மடங்கில் வைத்துப் பார்த்ததில் ஒன்றும் விளங்கவில்லையாம்: "ஒவ்வொரு எழுத்தையும் இப்படி இழுக்க எங்கேண்ணா கத்துக்கிட்ட?"